தீப்பொறி தராத எஃகு: டர்பனில் ஒரு சிக்கிமுக்கித் துப்பாக்கி லாக்

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து எங்கள் பட்டறைக்கு ஒரு லாக் வந்தது. குழல் இல்லை, கட்டை இல்லை. துப்பாக்கியின் பக்கவாட்டில் பொருத்தும் தகடும் அதன் மேல் ஏறியிருக்கும் உறுப்புகளும் மட்டும்தான். பிரிட்டிஷ் படையின் பழைய பிரவுன் பெஸ் துப்பாக்கியைப் பார்த்து இக்காலத்தில் செய்த நகல் அது. வைத்திருப்பவர் வரலாற்று நிகழ்ச்சிகளில் குண்டு இல்லாமல் மருந்து மட்டும் போட்டுச் சுட்டுக் காட்டுகிறவர். அவர் சொன்ன குறைகள் மூன்று. கல் அடித்தால் பொறி மங்கலாகச் சிவந்து விழுகிறது, மருந்து பற்றுவதில்லை. கல்லைப் பிடித்திருக்கும் குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தினால் நிற்பதில்லை, வழுக்குகிறது. மெயின் ஸ்பிரிங் வளைவிலேயே இரண்டாக உடைந்துவிட்டது.

“இன்னொரு தடவை சூடேற்றித் தோய்ச்சல் போட்டுக் கொடுங்கள், போதும்” என்று கேட்டார். செஞ்சூட்டில் இருக்கும் எஃகை எண்ணெயிலோ தண்ணீரிலோ சட்டென்று ஆற்றிக் கடினமாக்குவதுதான் தோய்ச்சல். ஏற்கெனவே வேறொரு பட்டறையில் எல்லா உறுப்புகளையும் கடினப்படுத்தி வாங்கியிருந்தார். எஃகின் கடினத்தைக் குறிக்கும் அளவாக ‘60 ராக்வெல் சி’ என்று எழுதிய ஒரு தாளும் கையில் இருந்தது.

இதை எழுதத் தூண்டியது அந்தத் தாள்தான். அதிலிருந்த எண் பொய்யில்லை, நாங்களே பிறகு அளந்து பார்த்தோம். ஆனாலும் லாக் வேலை செய்யவில்லை. தோய்ச்சல் எஃகுக்குள் எதையும் புதிதாகச் சேர்ப்பதில்லை. உள்ளே இருக்கிற கார்பனைத் தப்பவிடாமல் பூட்டுகிறது, அவ்வளவுதான். எந்த உறுப்பில் எவ்வளவு கார்பன், அது உறுப்பின் எந்த இடத்தில், அந்த இடம் செய்யவேண்டிய வேலை என்ன என்று பார்க்காமல் மறுபடி உலையில் வைத்தால் அதே குறை மறுபடி வரும். சிறு உறுப்புகளைக் கடினப்படுத்துகிறவர்கள் பலர் முதலில் உலையைப் பற்ற வைக்கிறார்கள். முதலில் எடுக்கவேண்டியது அரமும் சாணைக்கல்லும்தான் என்பது என் உறுதியான கருத்து.

லாக் வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குதிரையின் வாயில் ஒரு சிக்கிமுக்கிக் கல் இறுக்கப்பட்டிருக்கும். விசையை இழுத்தால் மெயின் ஸ்பிரிங் குதிரையை முன்னே தள்ளும். எதிரே நிமிர்ந்து நிற்கும் வளைந்த எஃகு முகத்தைக் கல் மேலிருந்து கீழாகச் சுரண்டிக்கொண்டு போகும். ஃபிரிசன் என்கிற அந்த உறுப்பு ‘ட’ வடிவில் இருக்கும். நிமிர்ந்த பக்கம் கல்லை வாங்கும், படுத்த பக்கம் மருந்துத் தட்டுக்கு மூடி. கல் பட்டதும் அது பின்னால் சாய்ந்து தட்டைத் திறக்கும், பொறி மருந்தில் விழும். தகட்டின் உட்பக்கத்தில் குதிரையோடு ஒரே அச்சில் சுழலும் அச்சுத் துண்டு ஒன்று உண்டு. அதில் இரண்டு வெட்டுகள்: ஒன்று பாதி நிலைக்கு, மற்றது முழு நிலைக்கு. அந்த வெட்டுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு குதிரையைப் பிடித்து நிறுத்துவது சியர் என்னும் சிறு நெம்பு.

நேட்டாலில் இருக்கிற நமக்கு இந்த வகைத் துப்பாக்கி அந்நியமானது இல்லை. 1837-38இல் கேப் பகுதியிலிருந்து மாட்டுவண்டிகளில் இங்கே வந்த டச்சு வழிக் குடியேறிகளான வூர்ட்ரெக்கர்கள் கையில் இருந்தவை பெரும்பாலும் ‘சன்னா’ என்று அழைக்கப்பட்ட சிக்கிமுக்கித் துப்பாக்கிகள். 1842இல் அவர்களுக்கும் பிரிட்டிஷ் படைக்கும் சண்டை நடந்த காங்கெல்லா இன்று துறைமுகத்தை ஒட்டிய தொழிற்பேட்டை. நம் முன்னோர் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியது அதற்கு 18 ஆண்டுகள் கழித்து, 1860இல். அந்தக் காலத்துக் கொல்லர்கள் ஃபிரிசனை முழுக்க எஃகில் செய்வது குறைவு. உடலைத் தேனிரும்பில் அடித்து, கல் படும் முகத்தில் மட்டும் ஒரு எஃகுத் தகட்டை உலையில் ஒட்டவைப்பார்கள். எஃகு விலை கூடிய பொருள் என்பது ஒரு காரணம். கடினம் முகத்துக்கு மட்டும் போதும், தன் ஸ்பிரிங்கில் அமரும் வாலும் அச்சுத் துளையும் அடி தாங்கினால் சரி என்பது இன்னொன்று. அந்த அறிவைப் பார்க்கும்போது எனக்குப் பெரிய மரியாதை வருகிறது. இன்றைய நகல்களில் ஃபிரிசன் ஒரே எஃகில் வார்த்தோ வெட்டியோ வருவதால், அந்த வேறுபாட்டை வெப்பத்தால்தான் உண்டாக்கவேண்டும்.

பிரித்துப் பார்த்தபோது

உடைந்த ஸ்பிரிங்கின் முறிவைத்தான் முதலில் லென்ஸில் பார்த்தேன். சரியாகத் தோய்ந்த எஃகின் முறிவு மெல்லிய சாம்பல் நிறத்தில், எஃகின் நுண்துகளான மணியே தெரியாமல் வழவழப்பாக இருக்கும். இது ஆலையிலிருந்து வரும் பழுப்புச் சர்க்கரையைப் போல மணி மணியாக மின்னியது. எஃகு தேவைக்கு மேல் சூடாகி, அதிக நேரம் அந்தச் சூட்டில் இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. உடையாத பகுதியில் அளந்தால் கடினம் 60. ஒரு ஸ்பிரிங்குக்கு 60 என்றால் அது கண்ணாடி.

அடுத்து ஃபிரிசன். வாலில் சிறிய இடத்தை முந்தைய பட்டறையினர் தேய்த்துச் சமமாக்கியிருந்தார்கள். ராக்வெல் அளவு எடுத்த குழி அங்கேதான் இருந்தது. நாங்களும் அதன் பக்கத்திலேயே அளந்தோம், 60தான். கடினமான எஃகில் அரம் வழுக்கும், மிருதுவானதில் கடிக்கும். பட்டறைத் தம்பி புது அரம் ஒன்றை எடுத்து வாலில் அந்தச் சமமாக்கிய இடத்தில் தேய்த்தான், வழுக்கியது. முகத்தில் தேய்த்தான், கடித்தது.

“அண்ணா, பின்னாடி வழுக்குது, முன்னாடி கடிக்குது. ஒரே எஃகுதானே?”

முழு வழக்கும் அந்தக் கேள்விக்குள் இருந்தது. இருட்டான மூலையில் சாணைக்கல்லை ஓட்டி, முதலில் வாலில் அந்தச் சமமாக்கிய இடத்தின் ஓரத்தைத் தொடவிட்டோம். பொறிகள் கொத்துக் கொத்தாகக் கிளை பிரிந்து வெடித்தன. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த, கார்பன் மிகுந்த பழைய அரத்துண்டும் அப்படித்தான் பொறி தந்தது. அப்புறம் ஃபிரிசன் முகத்தின் மேல்தோலை மட்டும் லேசாகத் தொடவிட்டோம். நீளமான, கிளையில்லாத, மங்கிய கோடுகள். கார்பன் குறைந்த சாதாரண மைல்ட் ஸ்டீல் கம்பி தருவதைப் போல. உள்ளே கார்பன் நிறைய இருக்கிறது, மேல்தோலில் போய்விட்டது.

காற்று உள்ள உலையில் எஃகு செந்நிறச் சூட்டில் இருக்கும்போது மேல்பரப்பில் உள்ள கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்து வாயுவாகப் போய்விடும். ஐந்து நிமிடம் என்றால் பெரிய இழப்பில்லை. மணிக்கணக்கில் இருந்தால் இழப்பு ஆழமாக இறங்கும். இதற்கு முன் வேலை நடந்த அன்று பாதியில் லோட் ஷெட்டிங் வந்து கரண்ட் போய்விட்டதாம். உறுப்புகள் உலையிலேயே இருந்து, கரண்ட் திரும்பியதும் மறுபடி சூடேறினவாம். அந்தப் பட்டறையினர் தம்மிடம் அப்படிச் சொன்னதாக உரிமையாளர் சொன்னார். வேலையின் நடுவே கரண்ட் போனால் உறுப்பை உடனே வெளியே எடுத்து ஆறவிட்டு, பிறகு முதலிலிருந்து தொடங்குவதுதான் சரி. உலையை மூடி வைத்துக் காத்திருக்கக் கூடாது.

ஃபிரிசனுக்கு மேல்தோல்தான் எல்லாம். கல் அதிலிருந்து சுரண்டி எடுக்கும் மிகச் சிறிய எஃகுச் சீவல்கள் சுரண்டப்படும் வேகத்தில் சூடேறி, காற்றில் பற்றி எரிவதுதான் பொறி. கல்லிலிருந்து தீ வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். எரிவது எஃகு. முகம் கடினமாக இருந்தால் சீவல் மெல்லியதாக, வெண்சூட்டில் வரும். மிருதுவாக இருந்தால் கல் எஃகுக்குள் இறங்கி உழும், தடித்த சீவல் வரும், சூடு போதாது, செந்நிறமாகவே அணைந்துவிடும், கல்லின் விளிம்பும் சீக்கிரம் நொறுங்கும். இவருடைய ஃபிரிசன் முகத்தில் செங்குத்தான கீறல்கள் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு இருந்தன. சாணைக்கல்லில் பார்த்த பொறியும் லாக்கில் விழும் பொறியும் ஒரே நிகழ்வு. அதனால் சாணைப் பரிசோதனையை மற்ற எந்த உறுப்பைவிடவும் ஃபிரிசனுக்கு நம்பலாம்.

சியரும் அச்சுத் துண்டும் சாணையில் உள்ளும் புறமும் கிளையில்லாத கோடுகளையே தந்தன. கார்பன் குறைந்த இரும்பு, ஏறக்குறைய 0.2 சதவீதத்துக்கு மேல் இருக்காது. இதை எத்தனை முறை சூடேற்றி எந்த எண்ணெயில் போட்டாலும் கடினமாகாது. சியரின் மூக்கு உருண்டு, பாதி நிலை வெட்டின் உதடு நசுங்கியிருந்தது. மூன்று குறைகளில் ஆபத்தானது இதுதான். பாதி நிலை என்பது மருந்து போட்ட துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கும்போது உயிருக்குக் காவல்.

ஆக, மூன்று வகை உறுப்புகள் ஒரே கூடையில் ஒரே உலைக்குப் போய், ஒரே எண்ணெயில் விழுந்து, ஒரே 200 டிகிரியில் பதம் இறக்கப்பட்டிருக்கின்றன. தோய்த்த எஃகை மறுபடி மிதமாகச் சூடாக்கி, கடினத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து முறியாமல் ஆக்குவதுதான் பதம் இறக்குவது. அந்தப் பதம் ஃபிரிசனின் முகத்துக்குப் பொருந்தும். வாலுக்குப் பொருந்தாது, ஸ்பிரிங்கை உடைக்கும், சியருக்கு எதுவுமே செய்யாது.

ஃபிரிசன்

உலையைத் தொடுவதற்கு முன் ஒன்றை நிரூபித்துப் பார்க்க நினைத்தேன். முகத்தை, தண்ணீர் ஓடவிட்டு, அதன் வளைவு மாறாமல் மெதுவாகத் தேய்த்தோம். கொஞ்சம் தேய்ப்பது, அரத்தால் தொட்டுப் பார்ப்பது. ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் போனதும் அரம் வழுக்கத் தொடங்கியது. லாக்கைச் சேர்த்து, தற்காலிகமாக வேறொரு ஸ்பிரிங் போட்டு அடித்தோம். வெள்ளைப் பொறி தட்டுக்குள் கொட்டியது. சூடேற்றாமல், தோய்ச்சல் போடாமல், மேல்தோலை நீக்கியதாலேயே வந்த பொறி அது. இங்கே தண்ணீர் ஓடவிடுவது முக்கியம். உலர் சாணையின் சூட்டில் ஒரு நொடி நீல நிறம் ஏறினாலும் அந்த இடத்தின் பதம் இறங்கிப்போகும்.

அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கலாம், அவரும் மகிழ்ச்சியாகப் போயிருப்பார். ஆனால் ஸ்பிரிங்கின் முறிவில் கண்ட பெரிய மணி, அதே உலையில் இருந்த ஃபிரிசனுக்குள்ளும் இருக்கும். ஒவ்வொரு சுடுதலிலும் அடி வாங்கி, பின்னால் சாய்ந்து, தன் ஸ்பிரிங்கில் மோதுகிற உறுப்பு அது. வாலும் 60 கடினத்தில் நின்றால் என்றாவது ஒருநாள் முறியும். எனவே மணியைச் சிறிதாக்கி முதலிலிருந்து செய்தோம்.

சிறிய இரும்புப் பெட்டியில் பொடித்த மரக்கரியை நிரப்பி, ஃபிரிசனை அதற்குள் புதைத்தோம். மரக்கரி பெட்டிக்குள் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். இந்தக் குறுகிய நேரத்தில் அது புதுக் கார்பனை உள்ளே தள்ளாது, இருப்பதை வெளியே விடாது. முதலில் 870, அடுத்து 820, கடைசியாக 780 டிகிரி வரை ஏற்றி, ஒவ்வொரு முறையும் காற்றில் ஆறவிட்டோம். ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் பழைய மணிகள் கலைந்து புதுச் சிறு மணிகள் பிறக்கின்றன. இந்த வேலையைப் பலர் நேர விரயம் என்று விட்டுவிடுகிறார்கள். சூடு மிஞ்சிப்போன எஃகை மீட்க வேறு வழியில்லை.

தோய்ச்சலுக்கு 800 டிகிரி. உலை அளவி இல்லாமல் கொல்லுலையில் செய்கிறவர்களுக்குக் காந்தம் போதும். இரும்பு 770 டிகிரியில் காந்தத்தை விட்டுவிடும். அது விட்ட பிறகு இன்னும் ஒரு சாயல் மட்டும் கூடவிட்டால் சரியான இடம். நிறத்தை நம்புவதானால் நிழலில் பாருங்கள். டர்பன் வெயிலில் நின்று செந்நிறத்தைக் கணித்தால் கட்டாயம் 50 டிகிரி மிஞ்சிப்போகும்.

தண்ணீரா எண்ணெயா என்பதில் கொஞ்சம் யோசித்தோம். இந்த வகைக் கார்பன் எஃகு செஞ்சூட்டிலிருந்து 550 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய ஒரு நொடிக்குள் இறங்கியாகவேண்டும். உப்புத் தண்ணீர் அதைச் சுலபமாகச் செய்யும். ஆனால் ஃபிரிசனின் ‘ட’ மூலையில் தடித்த பகுதியும் மெல்லிய பகுதியும் சேர்கின்றன, தண்ணீரில் அங்கேதான் விரிசல் விழும். உறுப்பு மெல்லியது என்பதால் வேகமான தோய்ச்சல் எண்ணெயைத் தேர்ந்தோம், 50 டிகிரிக்குச் சூடாக்கி. குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக ஓடும், உறுப்பைச் சுற்றி ஆவிப்போர்வை கட்டும். இளஞ்சூட்டில் எண்ணெய் இளகி வேகமாக வெப்பத்தை வாங்கும். உறுப்பைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் தாமதிக்காமல் செங்குத்தாக இறக்கி, மேலும் கீழும் மட்டும் அசைத்தோம். பக்கவாட்டில் அசைத்தால் ஒரு பக்கம் முந்தி ஆறும், மூடி கோணிக்கொள்ளும். இங்குள்ள கடற்காற்றில் எண்ணெய்த் தொட்டியைத் திறந்து வைத்தால் ஈரம் இறங்கும். ஈரம் கலந்த எண்ணெயில் செந்நிற இரும்பு விழுந்தால் நுரைத்துப் பொங்கித் தீப்பிடிக்கும். மூடி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். பழைய எஞ்சின் ஆயிலை இதற்குப் பயன்படுத்துகிறவர்களிடம் என் வேண்டுகோள்: அந்தப் புகை நுரையீரலுக்கு நல்லதில்லை, விட்டுவிடுங்கள். சமையலுக்கு வாங்கும் சூரியகாந்தி எண்ணெயே அதைவிட மேல்.

எண்ணெயிலிருந்து எடுத்ததும், கையில் பிடிக்கும் சூடு இருக்கும்போதே பதம் இறக்கும் அடுப்புக்குப் போனது. 200 டிகிரியில் ஒரு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி ஒரு மணி நேரம். பிறகு முகத்தைத் தண்ணீரில் நிறுத்திக்கொண்டு, வாலையும் அச்சுத் துளையையும் மட்டும் சிறிய டார்ச்சால் சூடாக்கி நீலம் வரும்வரை, அதாவது சுமார் 300 டிகிரிக்கு, இறக்கினோம். தேனிரும்பு உடலில் எஃகு முகம் ஒட்டிய பழைய கொல்லர் வெப்பமானி இல்லாமல் அடைந்ததும் இதே வேறுபாடுதான். மூடி ஒரு முடியளவு கோணியிருந்தது. தட்டின் மேல் நீலமை தடவி, ஒட்டும் இடங்களைக் கல்லால் தேய்த்து அமரவைத்தோம்.

சியர், அச்சுத் துண்டு, ஸ்பிரிங்

கார்பன் இல்லாத உறுப்புக்குக் கார்பனை ஊட்டவேண்டும். சியரின் மூக்கையும் இரண்டு வெட்டுகளையும் முதலில் அரத்தாலும் எண்ணெய்க் கல்லாலும் சரியான வடிவுக்குக் கொண்டுவந்தோம், ஏனென்றால் பிறகு திருத்த இடமில்லை. பாதி நிலை வெட்டு உட்புறமாகக் குடைந்திருக்கவேண்டும். மூக்கு உள்ளே மாட்டிக்கொண்டால் விசையை எவ்வளவு இழுத்தாலும் வெளியே வரக்கூடாது. முழு நிலை வெட்டில் அந்தக் குடைவு இருக்கவே கூடாது.

பிறகு திருகுத் துளைகளைக் களிமண்ணால் அடைத்து, மரக்கரியோடு பத்தில் ஒரு பங்கு சலவைச் சோடா கலந்து பெட்டியில் அடைத்து, மூடியின் விளிம்பையும் களிமண்ணால் பூசி, 900 டிகிரியில் வைத்தோம். அந்தச் சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு அரை மில்லிமீட்டர் அளவு கார்பன் இறங்கும். நான்கு மணி நேரம் வைத்தால் ஒரு மில்லிமீட்டர் வரும். நேரம் நான்கு மடங்கானால் ஆழம் இரண்டு மடங்குதான். சியர் மூக்கு இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்றே மேல். ஒரு மில்லிமீட்டர் இறக்கினால் இருபுறமும் சேர்ந்து மூக்கு முழுக்கக் கண்ணாடியாகிவிடும். எனவே ஒரு மணி நேரத்தோடு நிறுத்தி, பெட்டியோடு ஆறவிட்டு, தனியாக 790 டிகிரிக்கு ஏற்றித் தண்ணீரில் தோய்த்து, இளம் வைக்கோல் நிறத்துக்குப் பதம் இறக்கினோம். சூடான பெட்டியிலிருந்து நேரே தண்ணீரில் கொட்டுவது வேகமான வழி, ஆனால் 900இல் வளர்ந்த மணி அப்படியே தங்கிவிடும்.

ஸ்பிரிங்கைத் திருத்த முயலவில்லை, புதிதாகச் செய்தோம். எங்கோ கிடைத்த பழைய இரும்பை வைத்து ஊகிப்பதைவிட, வகை தெரிந்த 1075 பட்டையை வாங்குவது நல்லது. 0.75 சதவீதக் கார்பன் ஸ்பிரிங்குக்குப் பொருத்தமானது. செஞ்சூட்டில் வளைத்து, அரத்தின் குறுக்குக் கீறல் ஒன்றுகூட மிஞ்சாதபடி நீளவாக்கில் பளபளப்பாக்கினோம். குறுக்குக் கீறல்தான் விரிசலின் விதை. 815 டிகிரியிலிருந்து அதே எண்ணெயில் தோய்த்து, 400 டிகிரியில் பதம் இறக்கினோம். நீலம் தாண்டிச் சாம்பல் நிறம் வந்தது, கடினம் 46. வைஸில் மெதுவாக, லாக்கில் அது அமுங்கும் அளவுக்கு மட்டும் அமுக்கி, இரவு முழுக்க அப்படியே விட்டோம். காலையில் பழைய விரிவுக்கே திரும்பியது.

லாக்கைச் சேர்த்து, கல்லைத் தோல் துண்டில் சுற்றி, அதன் விளிம்பு முகத்துக்கு இணையாக, மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கிய இடத்தில் படும்படி இறுக்கினோம். பொறி வெள்ளையாக, மருந்துத் தட்டின் நடுவில் விழுந்தது. உரிமையாளர் கொண்டுபோய்ச் சுட்டுவிட்டு, மருந்து உடனே பிடிக்கிறது, கல்லும் முன்பைவிட அதிகம் தாங்குகிறது என்று தொலைபேசியில் சொன்னார்.

நாங்களும் ஒரு தாள் கொடுத்தோம். அதில் ஒரே எண் இல்லை. உறுப்பின் பெயர், என்ன எஃகு, எந்த இடத்தில் அளந்தது, அங்கே என்ன கடினம் என்று தனித்தனியாக எழுதினோம். ஃபிரிசன் முகம் 60, வால் 52, ஸ்பிரிங் 46. சியருக்கும் அச்சுத் துண்டுக்கும் எண் போடவில்லை. அரம் வழுக்குகிறது, கார்பன் ஆழம் அரை மில்லிமீட்டர் என்று மட்டும். ஃபிரிசன் முகம் கீறல் விழுந்தால் கல்லால் தேய்த்துக்கொள்ளலாம், உள்ளே முழுக்க எஃகுதான். ஆனால் விசை கடினமாக இருக்கிறது என்று யாராவது சியர் மூக்கையோ வெட்டையோ தேய்க்க வந்தால் விடவேண்டாம் என்று அடியில் எழுதி, வாயாலும் சொல்லி அனுப்பினேன். அந்த அரை மில்லிமீட்டர் போனால் கீழே இருப்பது மறுபடி அதே மிருதுவான இரும்பு, பாதி நிலை மறுபடி வழுக்கும்.